ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு மைசூரில் ரூம்

மைசூருக்கு வண்டி பேச வருகிறவர்கள் வாடகையைக் கேட்டு முடித்ததும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான். “ஏனுங்க, அரமனை தெரியற மாதிரி ரூம் கெடைக்குங்களா?” கோபிச்செட்டிபாளையத்து ஜவுளிக்கடைக்காரரும் இதைக் கேட்பார், அந்தியூர் டீச்சரம்மாவும் கேட்பார். கிடைக்கும், ஆனால் வேண்டாமுங்க என்று சொல்வேன். அரைமனதோடு தலையாட்டுவார்கள்.

சத்தியமங்கலத்தில் சுற்றுலா வேன் வைத்துத் தொழில் செய்கிறேன். பெரும்பாலும் ஸ்டியரிங்கில் நான்தான் உட்காருவேன். திம்பம் ஏறி, ஆசனூர் தாண்டி, சாம்ராஜ்நகர் வழியாக மைசூர் போவது எங்களுக்குப் பக்கத்து ஊர்ப் பயணம். கூட்டத்தை லாட்ஜில் இறக்கி, பெட்டிகளை மேலே ஏற்றி, யாருக்கு எந்த அறை என்ற சண்டையைத் தீர்த்து வைப்பதும் என் வேலையில் சேர்ந்ததுதான். அதனால் அந்த ஊரில் எங்கே தங்கலாம் என்பதைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு.

அரண்மனை கோட்டைச் சுவருக்குள், பெரிய மைதானத்தின் நடுவில் இருக்கிறது. சுற்றியுள்ள தெருக்களில் பெரும்பாலும் மூன்று, நான்கு மாடிக் கட்டடங்கள்தான். ‘பேலஸ் வியூ’ என்று கூடுதல் வாடகை வாங்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால், எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் கேபிள் ஒயருக்கும் இடையில் ஒரு கும்பத்தின் நுனி தெரியும். அதைப் பார்க்கவா அத்தனை பணம்? அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, அரண்மனைக்கு நடந்து போகிற தூரத்தில் சாதாரண அறை எடுங்கள். ராத்திரி காலாற நடந்து வாசலுக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

எந்த ராத்திரி என்பதுதான் முக்கியம். அரண்மனைக்கு முழு விளக்குப் போடுவது ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களும்தான். இரவு 7 மணிக்குப் போட்டால் முக்கால் மணி நேரம்வாக்கில் எரியும். மற்ற நாட்களில் ஒலி-ஒளிக் காட்சியை ஒட்டிக் கொஞ்ச நேரம் போட்டு அணைத்துவிடுவார்கள். மொத்தம் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள். நேரம் ஆனதும் படபடவென்று ஒரே நொடியில் அத்தனையும் எரியும்போது, அதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்த காலேஜ் பையன்கூட “அடேயப்பா” என்பான். அதற்குக் கட்டணமும் கிடையாது.

நம் ஊர்க்காரர்கள் சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, சனி ராத்திரி தங்கி, ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பத் திட்டம் போடுவார்கள். திங்கட்கிழமை ஆபீஸ், பள்ளிக்கூடம். ஆக, விளக்கு எரியாத ராத்திரிக்கு அறை வாடகை கொடுத்துவிட்டு, விளக்கு எரிகிற ராத்திரியில் வேனுக்குள் தூங்கிக்கொண்டு வருவார்கள். “விளக்கப் பாத்துட்டே கெளம்பிரலாம்ல தம்பி?” என்று கேட்பார்கள். முடியாது. 2022 பிப்ரவரியிலிருந்து, உயர் நீதிமன்ற உத்தரவின்படி, திம்பம் மலைச்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை கார், வேன் போகத் தடை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை அது. ஆம்புலன்ஸ் மாதிரி வண்டிகளுக்குத்தான் விலக்கு. மைசூரில் 7.45-க்குக் கிளம்பி, ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் ஊரைத் தாண்டி, 60 கிலோமீட்டரில் சாம்ராஜ்நகர் சேர்ந்து, அங்கிருந்து காரப்பள்ளம் சோதனைச் சாவடிக்கு வரும்போது மணி 10-ஐத் தாண்டியிருக்கும். விடியும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஊட்டி, கூடலூர் வழியாக வருகிறவர்களுக்கும் இதே கதை. பந்திப்பூர் காட்டுச் சாலையை 2009 முதலே இரவு 9-லிருந்து காலை 6 வரை மூடி வைக்கிறார்கள். ராத்திரி முழுக்கத் திறந்திருப்பது பெங்களூர், ஓசூர் வழி. ஆனால் அது எங்களுக்கு ஊரைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கணக்கு.

அதனால் நான் சொல்வது இதுதான். சனி ராத்திரி உங்கள் வீட்டுக் கட்டிலிலேயே தூங்குங்கள். ஞாயிறு காலை கிளம்பி, மைசூரில் ஞாயிறு ராத்திரி தங்கி, திங்கட்கிழமை திரும்புங்கள். ஒருநாள் லீவு போட வேண்டிவரும், போடுங்கள். சனிக்கிழமை பெங்களூர்க் கூட்டம் வந்து அறைகளைப் பிடித்துக்கொள்ளும். ஞாயிறு மத்தியானம் அவர்கள் காலி செய்த பிறகு அதே அறை பேரம் பேசுகிற விலைக்கு வரும். திங்கட்கிழமை அரண்மனை திறந்துதான் இருக்கும். மிருகக்காட்சிசாலைக்கும் செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை.

கொஞ்சம் வசதியுள்ளவர்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள். “அரமனையிலேயே தங்க முடியுங்களா?” பெரிய அரண்மனையில் முடியாது. ஆனால் ராஜா கட்டிய வேறு மாளிகைகள் ஹோட்டலாகியிருக்கின்றன. அதன் பின்னால் கொஞ்சம் வரலாறு இருக்கிறது. கைடுகளிடம் கேட்டும் புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பழைய அரண்மனை மரத்தால் ஆனது. 1897-இல் ராஜகுமாரி ஜெயலட்சுமம்மணியின் கல்யாணச் சமயத்தில் தீப்பிடித்து எரிந்துபோனது. அப்போது ராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் சிறுவர். அவருடைய தாயார்தான் பொறுப்பு அரசியாக இருந்து ஆட்சியைக் கவனித்தார். புது அரண்மனைக்கு வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் வேலை பார்த்தவரும் அவர்தான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குள் சிவப்பாக நிற்கும் விக்டோரியா நினைவு மண்டபத்தையும் அவர்தான் வடிவமைத்தார். மைசூர் வேலை 1912-இல் முடிந்தது. 41 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு. நடுவில் இருந்த பதினைந்து வருஷமும் ராஜ குடும்பம் பக்கத்திலேயே ஜகன்மோகன் அரண்மனையில் இருந்தது. இன்று அது ஓவியக்கூடம். ரவி வர்மா படங்கள் அங்கே இருக்கின்றன.

புது அரண்மனை வந்த பிறகு விருந்தாளிகள் பிரச்சினை வந்தது. வைஸ்ராயும் வெள்ளைக்கார அதிகாரிகளும் தசராவுக்கு வருவார்கள். அவர்களுடைய சாப்பாடு வேறு, பழக்கம் வேறு. அவர்களைத் தனியாகத் தங்கவைக்கக் கட்டியவைதான் நாம் இன்று பணம் கொடுத்துத் தூங்கும் மாளிகைகள். ரயில் நிலையத்துக்குப் பக்கமாக 1920-இல் மெட்ரோபோல். சாமுண்டி மலை அடிவாரத்தில் லலித மஹால். 1921-இல் அடிக்கல் நாட்டினார்கள். வைஸ்ராய் வந்தால் தங்குவதற்கென்றே பம்பாய்க் கட்டடக் கலைஞர் ஃபிரிட்ச்லி வரைந்து கொடுத்தது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் கும்பத்தைப் பார்த்துக் கட்டினார்கள் என்பார்கள். படியில் ஏறி நின்றால் ஊர் முழுக்கக் கீழே கிடக்கும். ரஜினியின் ‘முத்து’ படத்தில் ஜமீன் மாளிகையாக வருவது இதுதான் என்று சொன்னால், வேனில் பின் சீட்டில் இருப்பவர்கூட எட்டிப் பார்ப்பார்.

ஆக, விருந்தாளி மாளிகைகள் அரண்மனையிலிருந்து தள்ளி இருப்பது தற்செயல் இல்லை. வைஸ்ராய்க்கு மோட்டார் வண்டியும் முன்னால் குதிரைப் படையும் இருந்தன. தூரம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. உங்களுக்கு ஞாயிறு ராத்திரி எட்டு மணி நெரிசலில் ஆட்டோ பிடிக்க வேண்டும். லலித மஹால் 1974-இல் ஹோட்டலானது. மத்திய அரசின் சுற்றுலாக் கழகம் நடத்தி, பிறகு கர்நாடக அரசுக்குக் கைமாறியது. அந்த நடன மண்டபத்தையும், வளைந்து ஏறுகிற பளிங்குப் படிக்கட்டையும், கிழவனார் போல முனகிக்கொண்டு ஏறும் பழைய லிஃப்டையும் பார்க்க வேண்டும்தான். அதற்கு அங்கே படுக்க வேண்டியதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கோ சாயங்காலக் காபிக்கோ வெளியாட்களை விடுகிறார்களா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். தலைக்கு ஆகிற செலவு ஒரு ராத்திரி வாடகையில் சின்னப் பங்குதான். புதுக் கல்யாண ஜோடி என்றால் சரி, ஒரு ராத்திரி தங்கட்டும். பாட்டியும் பேரனுமாகப் பதினான்கு பேர் போகிற குடும்பத்துக்கு அது ஆகாது.

மெட்ரோபோல் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அரண்மனை வாழ்க்கையின் வாடையும் வேண்டும், ஊர் நடுவிலும் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஜெயலட்சுமிபுரம் பக்கம் சித்தரஞ்சன் மாளிகை என்று ஒன்று உண்டு, ராஜகுமாரிகளுக்காகக் கட்டியது. அதைத்தான் ‘கிரீன் ஹோட்டல்’ ஆக்கினார்கள், லாபத்தைத் தர்மக் காரியங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டில். தோட்டம் அழகு. புத்தகமும் கையுமாக இருப்பவர்களுக்கு அது பிடிக்கும்.

இனி நான் கூட்டத்தை இறக்கும் இடத்துக்கு வருகிறேன். அரண்மனையின் வடக்கு வாசலுக்கு எதிரே பெரிய மணிக்கூண்டு நிற்கிறது. ‘தொட்ட கடியார’ என்று அந்த ஊரில் சொல்வார்கள். நால்வடியாரின் வெள்ளிவிழாவுக்கு 1927-இல் கட்டியது. அதை ஒட்டி டவுன் ஹால். அங்கிருந்து ஐந்து நிமிஷ நடையில் காந்தி சதுக்கம். இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் சயாஜி ராவ் சாலை, தேவராஜா மார்க்கெட், சின்ன மணிக்கூண்டு. இந்தப் பக்கம் புறநகர்ப் பேருந்து நிலையம். நம் ஊர்ப் பேருந்துகள் வந்து நிற்பது அங்கேதான். இந்த வட்டத்துக்குள் எங்கே தங்கினாலும் சரி. அரண்மனைக்கும் நடை, சாப்பாட்டுக்கும் நடை, மைசூர்பாக்குக்கும் நடை. மைசூர்பாகை அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா செய்தார் என்பது அந்த ஊர் வழக்கு. அவருடைய வாரிசுகள் நடத்தும் குரு ஸ்வீட்ஸ் மார்க்கெட்டை ஒட்டியே இருக்கிறது. காந்தி சதுக்கத்தில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. தமிழ் பேசுகிற சர்வர் இல்லாத கடை அபூர்வம்.

இன்னொரு லாபம் காலை நேரம். அரண்மனை 10 மணிக்குத்தான் திறக்கும். விடிந்து அதுவரை என்ன செய்வது? ஊருக்கு வெளியே ரிங் ரோட்டு ஹோட்டலில் தங்கினால் டிவி பார்க்கலாம். இங்கே தங்கினால் ஆறு மணிக்கே தேவராஜா மார்க்கெட்டுக்குள் நுழையலாம். மல்லிகைப் பூவைக் கூடை கூடையாகக் கொட்டி வைத்திருப்பார்கள், வெற்றிலையைக் கவுளி கவுளியாக எண்ணிக்கொண்டிருப்பார்கள், நஞ்சன்கூடு ரஸ்தாளி ஒரு பக்கம் தொங்கும். குங்குமத்தைக் கலர் கலராக மலை மாதிரி குவித்து வைத்திருக்கும் கடைகளுக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் நகர மாட்டார்கள். திரும்பி வந்து குளித்து, டிபன் முடித்து, பத்து மணிக்கு வரிசையில் நின்றால் கூட்டத்துக்கு முன்னால் உள்ளே போய்விடலாம்.

குறையும் உண்டு. சத்தம். பேருந்து ஹாரன் நள்ளிரவு வரை ஓயாது, மார்க்கெட்டுக்குச் சரக்கு இறங்குவது விடியற்காலை நாலு மணிக்கே தொடங்கிவிடும். தெருப் பக்கத்து அறை வேண்டாம், பின்பக்கம் கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். வேன் நிறுத்த இடம் பல லாட்ஜுகளில் கிடையாது. ‘பார்க்கிங் இதே சார்’ என்று போனில் சொல்வார்கள். வந்து பார்த்தால் நாலு பைக் நிற்கிற சந்து. எத்தனை சீட்டு வண்டி என்று சொல்லிக் கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

வெந்நீர் பற்றி ஒரு வார்த்தை. மைசூர் கடல் மட்டத்திலிருந்து 760 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். டிசம்பர், ஜனவரியில் காலைக் குளிர் எங்கள் சத்தியைவிட அதிகம். சின்ன லாட்ஜுகளில் காலை 6-லிருந்து 9 வரைதான் வெந்நீர் விடுவார்கள், அதுவும் மூன்று மாடிக்கும் ஒரே சோலார் தொட்டியிலிருந்து. முதலில் எழுந்தவருக்குச் சுடுதண்ணீர், கடைசியில் எழுந்தவருக்குப் பச்சைத் தண்ணீர். அறைக்குள் கீசர் இருக்கிறதா என்று கேட்பது நல்லது. ஆனால் ஏ.சி.க்குப் பணம் கொடுக்காதீர்கள். மார்ச்சிலிருந்து மே வரை விட்டால், மற்ற மாதங்களில் அங்கே மின்விசிறியே அதிகம்.

‘செக்-இன்’ நேரம் என்று ஒன்று இருக்கிறது. வேனில் போகிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. சென்னையிலிருந்து காவேரி எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் விடியற்காலை இறங்கிவிடுவார்கள். பெரிய ஹோட்டலில் அறை கொடுப்பது பகல் 12 மணிக்கோ, 2 மணிக்கோ. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பழைய லாட்ஜுகளில் இன்னும் 24 மணி நேரக் கணக்கு இருக்கிறது. காலை 7 மணிக்கு நுழைந்தால் மறுநாள் 7 மணிவரை உங்களுடையது. ரயிலில் வருகிறவர்களுக்கு அதுதான் மேல். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும் என்பதையும் மாளிகை ஹோட்டல் பார்க்கிறவர்கள் கணக்கில் வைக்க வேண்டும். பெரியவர்கள் எல்லாருக்கும் ஆதார் கேட்பார்கள். வீட்டில் மறந்துவிட்டு வந்து வரவேற்பு மேஜை முன்னால் பேரனுக்குப் போன் போட்டு “போட்டோ புடிச்சு அனுப்பு கண்ணு” என்று கெஞ்சும் பாட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மற்றப் பக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நஜர்பாத், இட்டிகேகூடு பக்கம் மிருகக்காட்சிசாலைக்கு அருகில். சின்னக் குழந்தைகள் இருந்தால் அங்கே தங்கலாம், மைலாரி தோசையும் நஜர்பாத்தில்தான். கோகுலம் யோகா கற்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கும் பகுதி. அமைதி, மரம், நல்ல காபி, ஆனால் சுற்றுலாக் குடும்பத்துக்கு அங்கே வேலையில்லை. ரிங் ரோடு வேன்காரனான எனக்குச் சௌகரியம், உங்களுக்கு இல்லை. கே.ஆர்.எஸ். அணை அடியில் பிருந்தாவனத்துக்குள்ளேயே தங்க ஹோட்டல் உண்டு. ஆனால் அங்கே நீரூற்று ஆட்டம் சாயங்காலம் 6.30 வாக்கில் தொடங்கும், இங்கே அரண்மனை விளக்கு 7 மணிக்கு. நடுவில் இருபது கிலோமீட்டர். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டையும் பார்க்க முடியாது. பார்க்கலாம் என்று எந்த டிரைவராவது சொன்னால் அவரிடம் வண்டி பேசாதீர்கள்.

தசரா வந்தால் மேலே சொன்னது அத்தனையும் தலைகீழ். பத்து நாளும் ராத்திரி விளக்கு உண்டு, அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு தேவையில்லை. ஆனால் நம் ஊரில் ஆயுத பூஜைக்குக் கடையைச் சாத்துகிறவர்கள் எல்லாரும் விஜயதசமி யானை ஊர்வலம் பார்க்கப் புறப்பட்டு விடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சொந்தச் சங்கடம். ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைக்க வேண்டிய நேரத்தில் நான் நஞ்சன்கூடு சாலையில் நெரிசலில் நிற்பேன். அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை ஐந்து கிலோமீட்டருக்கு ஊர்வலம் போகும். 750 கிலோ தங்க அம்பாரியில் சாமுண்டீஸ்வரி வருவாள். ஊர்வலம் போவது சயாஜி ராவ் சாலை வழியாக. அன்றைக்கு அந்த வட்டத்துக்குள் வண்டி விட மாட்டார்கள், பெட்டியைத் தலையில் சுமந்து நடக்க வேண்டும். வாடகையும் இரண்டு, மூன்று மடங்கு. ஊர்வலம் பார்த்தே தீர வேண்டும் என்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே நஞ்சன்கூட்டிலோ ஸ்ரீரங்கப்பட்டணத்திலோ அறை போடுங்கள். விளக்கும் கண்காட்சியும் போதும் என்றால் முதல் நாலைந்து நாட்களில் போங்கள். அரண்மனை ஜொலிப்பதில் ஒரு குறையும் இருக்காது, காந்தி சதுக்கத்திலும் அறை கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, என் ஆட்களுக்காக. அறை பேசும்போது டிரைவருக்குப் படுக்க இடமும் குளிக்க வசதியும் உண்டா என்று கேளுங்கள். பல லாட்ஜுகளில் மொட்டை மாடிக்குப் பக்கத்தில் டிரைவர் டார்மிட்டரி என்று ஒரு ஹால் வைத்திருக்கிறார்கள். இல்லாத இடங்களில் நாங்கள் வேன் சீட்டை மடக்கிப் படுக்கிறோம், கொசு தூங்க விடுவதில்லை. டார்மிட்டரிக்கு ஆகும் காசு உங்கள் மொத்தச் செலவில் ஒரு வேளை டிபனுக்குச் சமம். மறுநாள் உங்களை ஏற்றிக்கொண்டு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப் போவது அந்த டிரைவர்தான். அவரைத் தூங்க விடுங்கள்.